வள்ளத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
செவ்வாய்க்கிழமை

மும்பையில் இருக்கும் என் அன்பான மதினி பிளாரன்ஸ் அவர்களுக்கு, உங்கள் நாத்தனார் ஆனி தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே நான் நலம். உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லாதபடி நேற்றுக் காலை போனில் உங்கள் குரலே தெரிவித்துவிட்டது. அவ்வளவு உரக்க ஒருவர் பேசவேண்டுமென்றால் தொண்டை, நுரையீரல், இருதயம் மூன்றும் நல்ல நிலையில் இருக்கவேண்டும். அதற்காக ஆண்டவருக்கு நன்றி. அண்ணனுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்றும் அதற்கு நான்தான் காரணம் என்றும் சொன்னீர்கள். மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள். மீதிக் காரணத்தை இந்தக் கடிதத்தில் விளக்கிவிடுகிறேன்.

போனிலேயே விளக்கியிருக்கலாம்தான். ஆனால் நான் "அது வந்து" என்று ஆரம்பித்தால், "வந்து" வெளியே வருவதற்குள் நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. இதை மக்ரூன் டப்பாவோடு கொரியரில் அனுப்புகிறேன். முதலில் மக்ரூனைத் தின்றுவிட்டுப் பிறகு படியுங்கள். முந்திரியும் சர்க்கரையும் நாக்கில் கரைந்துகொண்டிருக்கும்போது கோபப்படுவது கொஞ்சம் சிரமம். அந்த நம்பிக்கையில்தான் பெரிய டப்பாவாக வாங்கினேன்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ரெக்ஸும் அவருடைய அக்கா டயானாவும் என்னைப் பார்க்க நம் வீட்டுக்கு வருவதாக நீங்கள் ஏற்பாடு செய்திருந்தீர்கள். நாற்பத்தைந்து வயதில் பெண் பார்ப்பதா என்று நான் கேட்டபோது, "பெண் பார்க்கிறதுன்னு ஏன் நினைக்கே, சும்மா காபி குடிக்க வாராங்கன்னு நினைச்சுக்கோ" என்றீர்கள். அவர்கள் வந்தார்கள். காபியும் குடித்தார்கள். கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் பேச்சிச்செல்வி போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் மட்டும்தான் இல்லை. அந்த நேரத்தில் நான் கடலுக்கு நடுவே ஒரு தீவில் குத்தவைத்து உட்கார்ந்து, காலிச் சங்குக்குள் குடியிருக்கும் ஒரு துறவி நண்டு வேறு சங்குக்கு வீடு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்படி அங்கே போனேன் என்று கேட்பீர்கள். உமாராணியை உங்களுக்குத் தெரியும். என்னோடு கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அவள் பேராசிரியை ஆனாள், நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஷிப்பிங் ஆபீசில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பவள் ஆனேன். வருஷத்துக்கு ஒரு தடவை வனத்துறை அனுமதியோடு தீவுகளில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். சாதாரணமாக அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது. உமாராணி என் பெயரையும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. "நீ மட்டும் போயிட்டு வாளா, சனிக்கிழம காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்திருவ, மறுநாள் மாப்பிள்ள வாரதுக்குள்ள முகத்துக்குக் கடலமாவு போட்டுக்கிடலாம்" என்றாள். போனேன். படகில் நாங்கள் மூன்று பேர். படகுக்காரர் ரோச் அண்ணன், நம் கோயில் பங்குக்காரர்தான், வனத்துறை வாடகைக்கு எடுக்கும் வள்ளம் அவருடையது. இன்னொருவர் வனத்துறைக் காவலர் வன்னியபெருமாள், ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆள், அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர்.

தீவுக்கு ரோச் அண்ணன் சொல்லும் பெயர் நாரைச்சல்லி. மேப்பில் தேடாதீர்கள், கிடைக்காது. கரையிலிருந்து பார்த்தால் கடலின் மேல் யாரோ பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு அழிக்க மறந்ததுபோல இருக்கும். போகும் வழியிலேயே ஓங்கிகள் வந்துவிட்டன. நீங்கள் டால்பின் என்பீர்கள். நான்கைந்து சேர்ந்து வள்ளத்தின் மூக்குக்கு முன்னால் நீந்திக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் திரும்பி எங்களைப் பார்த்தன. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாகக் குடிவருபவர்களை எல்லோரும் ஜன்னலிலிருந்து பார்ப்பார்களே, அப்படி. கரை நெருங்கியதும் ரோச் அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டார். அந்த நிமிஷம்தான் மதினி, எனக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சத்தம் நின்றது. நம் வீட்டிலும்தான் சத்தம் கிடையாது, அம்மா போன பிறகு ஃபிரிட்ஜ் ஓடுவதுதான் பேச்சு. ஆனால் வீட்டு அமைதியில் ஏதோ குறைந்திருக்கும். இந்த அமைதியில் எல்லோரும் இருந்தார்கள். அலை பவளக்கல்லில் ஏறி இறங்குவது, ஆலாப் பறவைகள் ஒன்றையொன்று திட்டிக்கொள்வது, தண்ணீருக்கடியில் கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுவது, எல்லாம் நடந்துகொண்டிருந்தது, எதற்கும் நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

நான் பறவைகளை எண்ண ஆரம்பித்தேன். இங்கேதான் முதல் தவறு. தண்ணீர் வற்ற வற்ற, சேற்றுத்திட்டு வெளியே தெரியத் தெரிய, பறவைகள் இரைதேடி அங்கே இறங்கும். பறவைகள் நகர நகர நானும் நகர்ந்தேன். தீவின் அந்தக் கோடியில் நண்டுதின்னிகள் ஒரு கூட்டம். வெள்ளையும் கறுப்புமாக, கான்வென்ட் சிஸ்டர்கள் வரிசையாக நற்கருணை வாங்கப் போவதுபோல ஒரே திசையில் நடந்தன. பெரிய பறவையின் பின்னால் ஒரு குஞ்சு, தாய் அளவுக்கு வளர்ந்துவிட்டது, ஆனாலும் கெஞ்சிக்கொண்டே போகிறது. அம்மாப் பறவை நண்டைப் பிடித்து, கால்களை ஒவ்வொன்றாக உதறி, மெனக்கெட்டு ஊட்டுகிறது. எண்ணுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ரோச் அண்ணன் தூரத்திலிருந்து கையை அசைத்தது தெரிந்தது. நானும் பதிலுக்குக் கையை அசைத்தேன். அவர் வா என்று கூப்பிட்டிருக்கிறார். நான், அவரும் சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது வள்ளம் மணலில் அடைகாக்கும் கோழிபோல உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தண்ணீர் இல்லை. "போச்சு, இனி தண்ணி ஏறுனாத்தான்" என்றார் ரோச் அண்ணன். கோபப்படவில்லை. வன்னியபெருமாள்தான் கோபப்பட்டார், அதுவும் என்மேல் இல்லை, நிலாமேல். நிலா நாளைப் பார்த்து ஆபீசில் தேதி குறிக்கமாட்டேன் என்கிறார்கள் என்று முணுமுணுத்தார். சரி, தண்ணீர் ஏறட்டும் என்று காத்திருந்தோம். சூரியன் விழுந்தது. அது விழுந்த விதத்தை எழுதினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள், ஆகையால் எழுதவில்லை. பூநாரைகள் சில அந்த வெளிச்சத்தில் நின்றன என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இருட்டத் தொடங்கும்போது தண்ணீர் வந்தது, வள்ளம் மெல்ல அசைந்தது, மிதந்தது. நானும் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் பிரச்சினை ஆரம்பமானது.

நீங்கள் அங்கே மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், உங்களுக்கு இது தெரிந்திருக்காது. எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். ஊர்க் கட்டுப்பாடு. மீன் எவ்வளவு கிடந்தாலும் சரி, விலை எவ்வளவு ஏறினாலும் சரி, ஞாயிறு வள்ளம் கரையில்தான். இது எனக்கும் தெரியும், ஓட்டப்பிடாரத்துக்காரரான வன்னியபெருமாளுக்கும் தெரியும். ஆனால் அன்று சனிக்கிழமை.

"ஏலே ரோச், தண்ணி வந்துட்டுல்லா, எடு வள்ளத்த" என்றார் வன்னியபெருமாள்.

"எடுக்க முடியாது அண்ணாச்சி. ஞாயிறு பொறந்தாச்சு."

"இன்னைக்குச் சனிக்கிழமல்லாலே."

"சாயங்காலப் பூசை மணி அடிச்சாச்சு. சனிக்கிழம சாயங்காலப் பூசை கண்டா ஞாயித்துக்கிழமக் கடன் தீந்துதுன்னு சாமியாரே சொல்லுதாவ. அப்ப இது ஞாயிறுதான."

"மணி எங்கலே கேட்டுச்சு?"

"காத்து எதிர்த்தாப்புல இருக்கு. அடிச்சிருப்பாவ."

வன்னியபெருமாள் விடவில்லை. "சரி, எனக்கு ஞாயிறு கெடையாதுல்லா. நான் கும்பிடுதது சாஸ்தாவ. நீ சும்மா உக்காரு, நான் ஓட்டுதேன்" என்றார்.

"ஒங்களுக்கு இல்ல, சரி. வள்ளத்துக்கு உண்டுல்லா. சாமியார் தீர்த்தம் தெளிச்சு, மாதா பேரு வெச்சு எறக்குன வள்ளம் அண்ணாச்சி இது."

வன்னியபெருமாள் என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்களும் வேதக்காரவியதான, படிச்சவிய, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். அந்த நேரம் பார்த்து, அலை உடையும் இடத்தில் தண்ணீரே நீலமாக மின்னியது. அடுத்த அலையிலும் மின்னியது. சொல்ல நினைத்த வார்த்தை எனக்கு மறந்துவிட்டது.

போனில் சிக்னல் இல்லாததால் வன்னியபெருமாள் வாக்கிடாக்கியில் ஆபீசைக் கூப்பிட்டார். ஆபீஸ் படகின் எஞ்சினைக் கழற்றிப் போட்டிருக்கிறார்களாம். பத்திரமாக இருங்கள், தீ மூட்டாதீர்கள், எதையும் பறிக்காதீர்கள், எடுக்காதீர்கள் என்று உத்தரவு வந்தது. இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எனக்கு வள்ளத்தில் தார்ப்பாய், அவர்கள் இரண்டு பேருக்கும் கரையில் மணல். டயானா அக்கா இதைப் பற்றி உங்களிடம் விசாரித்ததாகச் சொன்னீர்கள். தயவுசெய்து தார்ப்பாய் என்ற வார்த்தையை அழுத்திச் சொல்லுங்கள்.

மதினி, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை உங்களுக்கு எப்படிக் காட்டுவேன். கண்ணைத் திறந்தபோது கடலும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன, நடுவில் தையல் தெரியவில்லை. ஒரு ஆமை தலையை நீட்டி மூச்சு வாங்கிவிட்டு, எங்களைப் பார்த்து, பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போனது. கரையெல்லாம் சிப்பி. உடைந்த முத்துச் சிப்பி ஒன்றைத் திருப்பினேன், உள்பக்கத்தில் அந்த விடியற்காலை முழுவதும் இருந்தது. அதை அங்கேயே வைத்துவிட்டேன். எடுக்கக் கூடாதே. நான் ஏதோ ஒரு கன்டெய்னரில் தவறாக ஏற்றப்பட்டு, பெயர் தெரியாத துறைமுகத்தில் இறக்கப்பட்ட சரக்குபோல, யாரும் தேடி வராமல், சுகமாகக் கிடந்தேன். எனக்கு அன்று வயது இல்லை என்று தோன்றியது. ஷாம்பு இல்லை என்பதும் தோன்றியது.

சாப்பாடுதான் கொஞ்சம் கஷ்டம். முந்தின நாள் நான் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றில் மிச்சம் ஒரு பிடி, ஒரு பாக்கெட் பொறை ரொட்டி, ஒரு கேன் தண்ணீர். ரோச் அண்ணனிடம் நல்ல கருவாடு இருந்தது. ஆனால் அதைச் சுடத் தீ மூட்டவேண்டும். தீ மூட்ட வன்னியபெருமாள் விடமாட்டார். "சட்டம்லா" என்றவர், "அப்ப கரைக்குப் போய்ச் சுட்டுத் தின்போம், வள்ளத்த எடு" என்றார். "ஞாயிறுல்லா" என்றார் ரோச் அண்ணன். இப்படி ஒருவர் சட்டத்தையும் ஒருவர் ஞாயிறையும் மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் கருவாட்டை வைத்துக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும்தான் அங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை. அது எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா.

வன்னியபெருமாளின் துக்கம் நியாயமானது. அன்றைக்கு அவருடைய மச்சினன் குடும்பக் கோயிலில் கிடா வெட்டு. ஆறு மாதமாக வளர்த்த கிடா. சூரியன் ஏற ஏற அவர் அந்தக் கிடாவைப் பின்தொடர்ந்தார். "இப்ப மஞ்சத் தண்ணி தெளிச்சிருப்பான்." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அறுத்தாச்சு." இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "கொழம்பு கொதிக்கு. சீனித்தாய் உப்புப் பாக்குதா." சீனித்தாய் அவர் மனைவி. "எலும்பு என் எலைக்குத்தான் வரும் மேடம், வருஷா வருஷம். இந்த வருஷம் எவன் எலையில விழுதோ." ரோச் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பொறையை எடுத்து அவர் கையில் வைத்தார். வன்னியபெருமாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எலும்பு இல்லியே" என்றார்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ரோச் அண்ணே, வள்ளம் எடுக்காததால இன்னைக்கு நீங்க பூசைக்குப் போகல. ஞாயித்துக்கிழம பூசைக்குப் போகாம இருக்கதும் பாவந்தான" என்றேன். அவர் அதை முன்னமே யோசித்து முடித்திருந்தார். "பூசைக்குப் போகாதது என் சொந்தப் பாவம் தங்கச்சி. வெள்ளிக்கிழம பாவசங்கீர்த்தனத்துல சொன்னா தீந்துரும். வள்ளம் எடுக்கது ஊர்ப் பாவம். அதுக்கு ஊர்க் கமிட்டிக்கு முன்னால நிக்கணும்." இத்தனை வருஷம் மறைக்கல்வி வகுப்பில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தந்ததில்லை.

நீங்கள் குறித்த நேரத்தில், அதாவது டயானா அக்கா நம் வீட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், நான் நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று முதலிலேயே சொன்னேன். என் நினைவு உங்கள் பக்கம் இல்லாமல் இல்லை. முந்தின நாளே வன்னியபெருமாளிடம் சொல்லி, "ஆனி மேடம் தீவில் பத்திரமாக இருக்கிறார், ஞாயிறு வரமுடியாது, வீட்டில் சொல்லிவிடவும்" என்று வாக்கிடாக்கியில் சேதி அனுப்பினேன். அது ஆபீசிலிருந்து ரோச் அண்ணன் மனைவிக்குப் போனது. அங்கிருந்து கருவாடு வாங்க வந்த பேச்சிச்செல்விக்குப் போனது. பேச்சிச்செல்வி ரெக்ஸிடமும் டயானா அக்காவிடமும் காபியோடு சேர்த்துச் சொன்னது இது: "ஆனி அக்கா ஃபாரஸ்ட்காரரோட தீவுலேயே தங்கிட்டாவ. இனி வரமுடியாதுன்னு சொல்லச் சொன்னாவ." ஒரு வார்த்தைகூட அவளாகச் சேர்க்கவில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள். பார்க்கப் போனால் உண்மைதான். டயானா அக்கா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம். ரெக்ஸ் மட்டும் முழுவதும் குடித்துவிட்டு, "எந்தத் தீவு?" என்று கேட்டாராம். இதைப் பேச்சிச்செல்வி ஒரு குறையாகச் சொன்னாள்.

பிற்பகலில்தான் அது வந்தது. நாங்கள் மூவரும் வள்ளத்தின் நிழலில் கிடந்தோம். கடற்புல் அடர்ந்த பக்கம் தண்ணீர் கொஞ்சம் கலங்கியது. பிறகு ஒரு மூச்சு. மனுஷ மூச்சுதான் மதினி, நீண்ட நேரம் அழுதுவிட்டு ஒருவர் விடுவாரே, அப்படி ஒன்று. மீசை வைத்த அகலமான மூக்கு மேலே வந்தது. ரோச் அண்ணன் எழுந்து நின்று, சத்தமே வராமல், "ஆவுளியா" என்றார். கடல்பசு. பக்கத்தில் குட்டி. அம்மா மூச்சு விட்டால் குட்டியும் விடுகிறது, சின்ன மூச்சு. இரண்டும் புல்லை மேய்ந்துகொண்டு, எங்கேயும் போகவேண்டிய அவசரம் இல்லாமல், எங்கள் முன்னால் அந்தக் கலங்கிய பச்சைத் தண்ணீரில் நகர்ந்தன. இத்தனை வருஷ வேலையில் வன்னியபெருமாள் உயிரோடு ஒன்றைப் பார்த்ததில்லையாம், கரை ஒதுங்கிய உடல்களை மட்டும் அளந்து எழுதியிருக்கிறார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அவை ஆழத்துக்குப் போனபிறகும் நின்றோம்.

"ஞாயித்துக்கிழமயும் மேயுது பாரு" என்றார் வன்னியபெருமாள்.

"அதுக்குக் கமிட்டி கெடையாதுல்லா" என்றார் ரோச் அண்ணன்.

அதன்பிறகு கிடாவைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் வன்னியபெருமாள் உள்ளுக்குள் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். சூரியன் சாய்ந்து, தண்ணீர் ஏறி வள்ளம் மறுபடி மிதக்கத் தொடங்கிய நேரத்தில் ரோச் அண்ணன் தோளில் கையைப் போட்டு, மெதுவாகக் கேட்டார். "ஏலே, நேத்து சாயங்காலமே ஞாயிறு பொறந்துட்டுன்னு சொன்னியே, வாஸ்தவமா?" "வாஸ்தவம்." "அப்ப ஒரு நாளைக்கு எத்தன சாயங்காலம்?" "ஒண்ணுதான்." "அப்ப இன்னைக்குச் சாயங்காலம் அது முடிஞ்சிரணும்லா? இல்லன்னா ஒங்க ஞாயிறு மட்டும் ஒண்ணரை நாளா?" ரோச் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து நங்கூரத்தை இழுத்தார். என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்பேன்.

நடந்தது இவ்வளவுதான். இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "சம்மதமா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்" என்றீர்கள். இல்லை, மதினி.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ரெக்ஸ் நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மனைவியைக் கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொண்டாராம். எனக்கு அவரைப் பற்றி நேரடியாகத் தெரிந்தது, தினமும் காலையில் அவர் அனுப்பும் பனித்துளி விழுந்த ரோஜாப் படம் மட்டும்தான். ரோஜாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முப்பது வருஷம் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்தவர். உலகத்துக் கடல் அத்தனையும் போய்வந்தவர். அப்படிப்பட்டவர் சாயங்காலமானால் பிரேசிலில் ஆரம்பித்து ஜப்பானில் முடிப்பார், நான் "ம்" கொட்டிக்கொண்டு காபி ஆற்றவேண்டும். அம்மாவுக்கு ஒன்பது வருஷம் "ம்" கொட்டினேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆபீசில் கொட்டுகிறேன். உங்களுக்கும் போனில் கொட்டுகிறேன். எனக்கென்று இருப்பது ஒரு சின்னக் கடல், ஒரு தீவு அளவு. பெரிய கடல் பார்த்தவரிடம் அதை எப்படிச் சொல்வேன்? சொல்லாமலே இருந்து இருந்து எனக்கே மறந்துவிடும். அதுதான் பயம், வேறொன்றுமில்லை.

நீங்கள் நினைப்பீர்கள், சொல்வதற்குத்தான் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்று. சொல்லிப் பார்த்தேன். ஆவுளியாவைப் பார்த்தேன் என்று உமாராணியிடம் சொன்னேன், காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்து நீளம் எத்தனை மீட்டர் என்றாள். ஆபீசில் சொன்னேன், போட்டோ எங்கே என்றார்கள். பேச்சிச்செல்வியிடம் சொன்னேன், அதைக் குழம்பு வைப்பார்களா, வறுப்பார்களா என்றாள். உங்களிடம் நேற்றே சொன்னேன் மதினி, நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள், "பசுவும் கன்றும் இருக்கட்டும், மாப்பிள்ளைக்கு என்ன பதில்" என்றீர்கள். ஆகையால் நான் தனியாகவே இருந்துகொள்கிறேன். டயானா அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ரெக்ஸிடம் குறை எதுவும் இல்லை, எனக்குத்தான் பழக்கமில்லை என்று சொல்லுங்கள்.

அண்ணனுக்கு என் அன்பு. உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், டப்பாவோடு வரும் கருவாடு அவருக்கு இல்லை, உங்களுக்கு. அது அந்தக் கருவாடுதான், ரோச் அண்ணன் கரையேறியதும் என் கையில் கொடுத்துவிட்டார். மருமகள் அனிஷா பரீட்சை நன்றாக எழுத நம் பனிமய மாதா துணையிருப்பாள், நானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். பெவினிடம் அத்தை ஆமை பார்த்ததாகச் சொல்லுங்கள். உங்கள் எல்லோர் வீட்டு வாசலிலும் சமாதானம் வந்து உட்காரட்டும், உங்கள் தொண்டை கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் நாத்தனார்,
ஆனி

பி.கு.: டயானா அக்காவிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். நாளைக் காலைதான் கொரியர் போகும் என்பதால் கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். சற்று முன் அழைப்பு மணி அடித்தது. ரெக்ஸ். தனியாக வந்திருந்தார். அக்கா கோபமாக இருப்பதாகவும் தனக்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டு வராந்தா நாற்காலியை எடுத்து என் வலப்பக்கம் போட்டுக்கொண்டார். "இந்தப் பக்கமாப் பேசுங்க, அந்தப் பக்கத்துக் காத இன்ஜினுக்குக் குடுத்தாச்சு" என்றார். பிரேசில் இப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. எத்தனை நாடு போனீர்கள் என்று மரியாதைக்கு நானே கேட்டேன். "எல்லா நாட்டுக்கும் போனேன். ஒண்ணும் பாக்கல. நான் கீழ இன்ஜின் ரூம்லல்லா இருந்தேன். கடல் பக்கத்துச் சுவர்லதான் இருக்கும், சத்தத்துல அதுவும் கேக்காது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அந்தச் சும்மா எனக்குப் பழக்கமானதுபோல இருந்தது. அப்புறம் கேட்டார்: "ஆவுளியா பாத்ததா ரோச் சொன்னாரு. அது மூச்சு விட்டுச்சாமே. அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு?"

எப்படிச் சொல்வது? செய்து காட்டினேன். மாடி வராந்தாவில் உட்கார்ந்து, நாற்பத்தைந்து வயதில், கண்ணை மூடிக்கொண்டு, முதலில் அம்மாவின் மூச்சு, பிறகு குட்டியின் மூச்சு. கீழே பேச்சிச்செல்வி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். ரெக்ஸ் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு, நல்ல காதை என் பக்கம் சாய்த்து, "இன்னொரு தடவ" என்றார்.